பாஸ் புத்தகத்தில் ஆதார் ஏறிவிட்டதா?

கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். போஸ்டாபீஸ் பாஸ் புத்தகம் மட்டும் பீரோவுக்குள் பட்டுப் புடவை மடிப்பில் போய் உட்கார்ந்து கொள்கிறது. "முதிரட்டும், அப்ப எடுத்துக்கலாம். அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று ஒரு நினைப்பு. இப்போது அது அது பாட்டுக்குக் கிடப்பதில்லை, சகோதரிகளே! அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2023ஆம் ஆண்டு மார்ச் 31ந் தேதி மத்திய நிதி அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. செல்வமகள் திட்டம், பி.பி.எஃப்., தேசிய சேமிப்புப் பத்திரம், மூத்த குடிமக்கள் திட்டம் என்று அரசாங்கம் நடத்தும் சிறுசேமிப்பு எல்லாவற்றுக்கும் ஆதார் எண் கட்டாயம். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்கள் 6 மாதத்துக்குள், அதாவது 2023 செப்டம்பர் 30க்குள், எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதவர்களின் கணக்கு, கொடுக்கும் வரை செயல்படாது. பயப்பட வேண்டாம், பணம் எங்கேயும் போய்விடாது. ஆனால் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. கெடு முடிந்துவிட்டதே என்று கையைப் பிசைய வேண்டியதும் இல்லை. இன்று போய்க் கொடுத்தாலும் கணக்கு மறுபடி உயிர் பெறும்.

"வங்கிக் கணக்குக்கு ஆதாரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே?" என்று எங்கள் தெருவில் விவரம் தெரிந்த ஒரு மாமி கேட்டார். உண்மைதான். 2018 செப்டம்பர் 26ந் தேதி உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அது வங்கிக் கணக்குக்கு. சிறுசேமிப்புக்கு என்று பிறகு தனியாக விதி போட்டிருக்கிறார்கள். படிப்பறிவில்லாத ஒரு பாட்டி, பத்து வருஷம் முன்னால் போட்ட பணத்துக்கு இப்போது ஒரு புது நிபந்தனை என்றால் எப்படித் தெரிந்து கொள்வாள்? வீட்டுக்கு வீடு தபால் கொண்டு வருகிற இலாகா, இதற்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆபீஸ் பெயரும் வேண்டாம். என் நாத்தனார் 2015இல், செல்வமகள் திட்டம் வந்த புதிதிலேயே, தன் ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கணக்கு ஆரம்பித்தாள். மாதம் ஆயிரம் ரூபாய். தையல் மிஷினை மிதித்துச் சேர்த்த பணம் அது. பெண்ணுக்கு 18 வயது ஆனால், அல்லது பத்தாம் வகுப்பு தேறினால், மேற்படிப்புக்காக முந்தைய நிதியாண்டுக் கடைசியில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம் என்பது திட்டத்தின் விதி. அதை நம்பித்தான் 2024 ஜூன் மாதம் காலேஜ் ஃபீஸுக்குப் போய் நின்றாள். இருப்பு ஒன்றரை லட்சத்தை எட்டியிருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் கணக்கு முடங்கியிருந்தது.

"மாசாமாசம் கட்ட வந்தப்ப வாங்கிக்கிட்டீங்களே, அப்பச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். நாலு மாதமாகக் கட்டாததால் கவுண்டரில் இருந்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கே ஆதார் நகலைக் கொடுத்தாள். அப்புறம் வந்தது அடுத்த சிக்கல். பாஸ் புத்தகத்தில் பெண்ணின் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கேட்டார்கள். பெண்ணுக்கு 18 ஆகிவிட்டபடியால் கணக்கு இனி அவள் பெயரிலேயே நடக்க வேண்டும். அதற்கு அவளுடைய கையெழுத்து, படம், பான் கார்டு. பான் கார்டு அதுவரை எடுக்கவே இல்லை! பணம் கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. காலேஜ் மூன்று வாரம் காத்திருக்குமா? என் நாத்தனார் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. "அண்ணி, சங்கிலி போனதுகூடப் பெரிசில்லை. என் பணத்துக்கு நான்தான்னு நிரூபிக்க இத்தனை நடை நடக்கணுமா?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சங்கிலியை மீட்டுவிட்டாள், அது வேறு விஷயம்.

இந்தப் பெயர்ச் சிக்கல் நம் தமிழ்நாட்டுக்கே உரியது. வடக்கே குடும்பப் பெயர் இருக்கிறது, நமக்கு இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். லட்சுமி என்கிற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். ஆகவே முதல் வேலையாக பாஸ் புத்தகம், ஆதார், பான் மூன்றையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மாறியிருந்தால் ஆதாரை மாற்ற ஓடாதீர்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்றலாம். பாஸ் புத்தகத்தில் திருத்துவதே சுலபம் என்றால் அதைச் செய்யுங்கள்.

தபாலாபீஸில் அவர்கள் கொடுக்கிற கே.ஒய்.சி. படிவத்தைப் பூர்த்தி செய்து, ஆதார், பான் நகல்களில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அசலையும் எடுத்துப் போங்கள். குழந்தை கணக்கு என்றால் காப்பாளராக இருப்பவரின் ஆதார் முக்கியம். குழந்தைக்கு ஆதார் இருந்தால் அதையும் சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது. இன்னொன்று, பலரும் கவனிக்காதது. தபாலாபீஸ் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 'சி.ஐ.எஃப்.' என்று ஓர் எண் கொடுத்திருக்கிறது. வெவ்வேறு சமயம் கணக்கு ஆரம்பித்தவர்களுக்கு இரண்டு எண் விழுந்திருக்கலாம். அப்போது ஆதார் ஒன்றில் ஏறி மற்றதில் ஏறாமல் நிற்கும். "எல்லாக் கணக்கையும் ஒரே எண்ணில் சேர்த்துடுங்க" என்று எழுதிக் கொடுங்கள்.

பான் எண்ணைக் கணக்கு ஆரம்பிக்கும்போதே கேட்பார்கள். அப்போது கொடுக்காவிட்டாலும், இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் போட்டாலோ, ஒரே மாதத்தில் 10,000க்கு மேல் எடுத்தாலோ இரண்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும் ஆதாரில் கைரேகை, கருவிழி எடுப்பதில்லை. 5 வயது முடிந்ததும் ஒரு தடவை, 15 வயதில் ஒரு தடவை கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். 5லிருந்து 7 வயதுக்குள் போனால் கட்டணம் இல்லை.

பேத்தி மேல் உள்ள ஆசையில் தாத்தா, பாட்டி செல்வமகள் கணக்கு ஆரம்பித்திருக்கும் வீடுகள் நிறைய. திட்டப்படி பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் ஆரம்பிக்கலாம். 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அப்படிப்பட்ட கணக்குகளை அக்டோபர் 1 முதல் பெற்றோர் பெயருக்கு மாற்ற வேண்டும். தாத்தா நன்றாக நடமாடும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு போய் மாற்றிவிடுங்கள். அவர் கையெழுத்து இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

முதிர்ந்த கணக்கை வட்டி வருகிறது என்று அப்படியே விடுகிறவர்களும் உண்டு. முதிர்ந்து 3 வருஷம் ஆகியும் முடிக்காத கணக்குகளை வருஷத்துக்கு இரண்டு தடவை தேடிப் பிடித்து முடக்குவது என்று 2025இல் அஞ்சல் துறை உத்தரவு போட்டுவிட்டது.

"உங்க கணக்கு முடங்கப் போகுது, ஆதார் இணைக்கிறோம், போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று யாராவது கூப்பிட்டால் உடனே வைத்துவிடுங்கள். ஆதார் ஏற்றும் வேலைக்கு நாம்தான் ஆபீஸுக்குப் போகிறோம், அவர்கள் போன் செய்து ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். ஆதார் நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே "சிறுசேமிப்புக் கணக்குக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆபீஸில் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

போன கையோடு நாமினி யார் என்றும் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் ஆரம்பித்த கணக்கில் இன்னும் அம்மா பெயரே இருக்கும். நாமினியை மாற்ற இருந்த 50 ரூபாய்க் கட்டணத்தை 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். படிவங்களைக் கொடுத்தால் தேதி முத்திரையோடு அத்தாட்சி கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் போய், "ஆதார் ஏறியிருக்கா, பார்த்துச் சொல்லுங்க" என்று கவுண்டரில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.