தண்ணீர்த் தொட்டியும் கணவாய் நரம்பும்

இசட்-80 சில்லை வைத்துத் தானே ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "ரீசெட் பொத்தானை அழுத்தினால் ஒருமுறை ஒழுங்காகத் தொடங்குகிறது, மறுமுறை எங்கோ போய் நிற்கிறது. பக்கத்தில் ஃபேன் சுவிட்சைப் போட்டாலும் அதே கதி."

ஃபேன் பிரச்சினைக்கு முதலில் ஒரு கேள்வி. ஒவ்வொரு சில்லையும் ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டீர்களா? சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அதைப் போடாமல், நல்ல சில்லுகள் இரண்டைக் கெட்டுப்போனவை என்று முடிவுகட்டிக் கடைக்காரரோடு சண்டை போட்டவன் நான்.

ரீசெட் வேறு விஷயம். பொத்தானுக்குள் இருக்கும் தகடு ஒரே தொடலில் அமர்வதில்லை. சில மில்லி விநாடிகள் துள்ளும். அதை மழுப்ப கெபாசிட்டர் வைத்தால் மின்னழுத்தம் மெல்ல ஏறும். 0.8 வோல்ட்டுக்குக் கீழே பூஜ்யம், 2 வோல்ட்டுக்கு மேலே ஒன்று. நடுவில் தயங்கி நிற்பதைச் சில்லு எப்படி வேண்டுமானாலும் படிக்கும்.

எங்கள் மாடித் தொட்டியில் முதலில் ஒரே மட்டத்தில்தான் சுவிட்ச் இருந்தது. தண்ணீர் அலையடிக்க அலையடிக்க மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக உயிரை வாங்கியது. பிறகு இரண்டு மட்டம் வைத்தோம்: அடிமட்டத்துக்கு இறங்கினால்தான் ஓடும், மேல்மட்டம் தொட்டால்தான் நிற்கும். நடுவில் எவ்வளவு அலையடித்தாலும் மோட்டார் அசையாது. 74எல்எஸ்14 சில்லும் அப்படித்தான். ஏறும்போது சுமார் 1.6 வோல்ட்டில் மனம் மாறும், சுமார் 0.8க்கு இறங்கினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதன் பெயர் ஷ்மிட் டிரிக்கர். ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்க மாணவர் 1934இல் கண்டுபிடித்தது. அவர் ஆராய்ந்துகொண்டிருந்ததோ ஊசிக்கணவாயின் நரம்பை! நரம்பு ஓர் எல்லைவரை பேசாமல் இருக்கும், தாண்டினால் முழுசாகத் துடிக்கும். அரைத் துடிப்பு கிடையாது. அந்தக் குணத்தை வால்வுகளில் வரவழைத்து 1938இல் கட்டுரையாக வெளியிட்டார். நம் வகுப்பறைகளிலோ இது ஒரு செவ்வக வரைபடம், அதற்குச் சில மதிப்பெண். கணவாயைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. மீன் சந்தையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வருத்தம் வருகிறது.

வாசகருக்கு: 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு 74எல்எஸ்14 போதும். சில்லு சிக்னலைத் தலைகீழாக்கும் என்பதால் உள்ளே இருக்கும் ஆறில் இரண்டை அடுத்தடுத்து இணையுங்கள். மிச்சம் நான்கின் உள்ளீட்டுக் கால்களை அந்தரத்தில் விடாமல் கிரவுண்டில் கட்டிவிடுங்கள்.