கரியேடும் அதன் வடுவும்

எழுதுகோலின் நடுவே கருநிறமாய் விளங்கும் கிராபைட் என்னும் பொருளை யாவரும் அறிவர். அஃது ஓரணுவின் கனமேயுடைய கரியேடுகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற சுவடியை ஒப்பது. அவ்வேடுகளுள் தனித்த ஒன்றற்குக் கிராபீன் என்பது பெயர். மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்து அறிஞராகிய ஆந்திரே கைம், கான்ஸ்தந்தீன் நோவோசெலோவ் என்பார் ஒட்டுநாடாவினால் அதனைப் பிரித்தெடுத்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2010இல் நோபெல் பரிசும் பெற்றனர். ஆயினும், அம்முறையாற் கிடைப்பது மிகச் சிற்றளவே. பெருமளவிற் பெறுதற்குரிய இரசாயன வழியொன்றனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஒரு மில்லிமீட்டரை முப்பது இலட்சம் கூறிட்டால் வரும் ஒரு கூறே கிராபைட்டின் ஏடுகட்கு இடைப்பட்ட தூரம். முதற்கண் அவ்விறுக்கத்தைத் தளர்த்தல் வேண்டும். 1859இல் ஆங்கில நாட்டுப் பெஞ்சமின் பிராடி என்பவர் கிராபைட்டோடு பொட்டாசியம் குளோரேட்டையும் புகையெழும் வெடியுப்புத் திராவகத்தையும் கூட்டிக் கிராபைட் ஆக்ஸைடைப் பெற்றார். 1958இல் ஹம்மர்ஸ், ஆபமன் என்னும் இருவர் கந்தகத் திராவகம், சோடியம் நைட்ரேட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு ஆகியவற்றால் அதனை விரைவில் ஆக்கும் முறையை வகுத்தனர். பிராணவாயு ஏடுகளைப் பற்றிக்கொள்ளவே இடைவெளி ஏறத்தாழ இருமடங்காகும், நீரும் உட்புகும். அந்நீரில் செவிக்கெட்டாத ஒலியலைகளைச் செலுத்தின், ஏடுகள் பிரிந்து பழுப்பு நிறத்தவாய் மிதக்கும். எனினும், மின்சாரத்தைக் கடத்தும் இயல்பை அவை பெரிதும் இழந்திருக்கும்.

ஆதலின், ஏறிய பிராணவாயுவைக் களைதல் வேண்டும். இதனையே ஒடுக்கம் என்பர். ஹைட்ரஸீனைச் சேர்த்துச் சூடேற்றுதல் பெரிதும் கையாளப்படும் முறை. அது கொடிய நஞ்சாதலின், சி வைட்டமின் எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தையும் அதற்கு ஈடாகப் பயன்படுத்துகின்றனர். பழுப்பு நீங்கிக் கருமை தோன்றும். மின்கடத்தும் இயல்பும் மீளும்.

முற்றும் மீளுமோ எனின், மீளாது. பிராணவாயுவிற் சிறிது எஞ்சிநிற்கும். திராவகங்களின் வேகத்தாற் கரியணுக்கள் சில வாயுவாய்க் கழிந்த இடங்கள் துளைகளாகவே நிற்கும். செல்லரித்த ஏட்டை எத்துணைச் செவ்வையாய்ப் பிரித்தெடுப்பினும் அரிப்புண்ட எழுத்து மீளாதவாறு போல்வது இது. ஆயினும், மின்கலத் தகடு, மின்கடத்தும் மை முதலியவற்றிற்குக் குறையற்ற ஏடு ஒன்றினும் குறையுடைய ஏடுகள் பலவே உதவும்.

இதனை வாளா கிராபீன் என்னாது, ‘ஒடுக்கிய கிராபீன் ஆக்ஸைடு’ என அறிஞர் வேறு பிரித்து வழங்குவர். அது சாலப் பொருத்தமுடைத்து. பொருள் வந்த வழியையும் அதன் வடுவையும் மறையாது உணர்த்தும் பெயரே வாய்மையுடைய பெயரென்பது எம் துணிபு.