‘உள்ளது உள்ளபடி’ வாங்கினால் எதெல்லாம் கூட வரும்?

வங்கிகள் நாளிதழில் தரும் ஏல அறிவிப்பில் சர்வே எண், நாற்சீமை, குறைந்தபட்ச விலை எல்லாம் பளிச்சென்று இருக்கும். பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: சொத்து ‘எங்குள்ளதோ அங்கேயே, உள்ளது உள்ளபடியே’ விற்கப்படும். ஏலம் எடுத்த பிறகு வரும் தலைவலிகள் பலவும் அந்த வரிக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கூரை ஒழுகும், சுவரில் விரிசல் இருக்கும், பூசிக்கொள்ளலாம் என்பது வாங்குபவரின் கணக்கு. உள்ளே தொழில் நடந்த கட்டடம் என்றால் அந்தக் கணக்கு போதாது. மூடிக்கிடந்த ஆலைகளை ஏலத்தில் எடுத்து, மின் இணைப்புக் கேட்டுப் போனவர்களிடம் பழைய முதலாளியின் பாக்கியைக் கட்டச் சொன்னார்கள். கேரள மின் வாரியம் தொடர்பான வழக்கோடு இதே போன்ற வேறு வழக்குகளையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. சட்டம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் மின் பாக்கி சொத்தின் மீது ஏறிக்கொள்ளாது. ஆனால் பாக்கியைத் தீர்த்தால்தான் இணைப்பு என்று வழங்கல் விதிகள் நிபந்தனை வைக்கலாம். வெறும் காலிக் கட்டடம் வாங்கியதாக நினைத்தவருக்கு இது இடிதான்.

வேண்டாம் என்று பின்வாங்கலாமா? வங்கிக் கடன் வசூலுக்கான சர்ஃபேசி விதிகளின்படி ஏலத் தொகையில் 25 சதவீதத்தை ஏல நாளன்றோ மறு வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதிக்கு 15 நாள். எழுத்துபூர்வமாக நீட்டித்தாலும் 3 மாதத்துக்கு மேல் இல்லை. தவறினால் கட்டியது போச்சு. தமிழ்நாட்டில் ஒருவர் ரூ.12.27 கோடிக்கு ஏலம் எடுத்து, மீதியைப் புரட்ட முடியாமல் நின்றார். அவருக்குச் சாதகமாக இருந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் கட்டியிருந்த கால் பங்கு, 3 கோடிக்கு மேல், கைவிட்டுப் போனது.

தனியாரிடம் வாங்கும்போது வாங்குபவர் கை சற்று ஓங்குகிறது. சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. மறைத்தால் அது மோசடி. ஆனால் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும் அடமானத்தைப் பிறகு வந்து ‘மறைத்துவிட்டார்’ என்றால் வழக்கு நிற்காது. (அந்தப் பிரிவு வாங்குபவரையும் விடவில்லை: விற்பவருக்கு உள்ள உரிமை அவர் நினைப்பதைவிட மதிப்புள்ளது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவும் தப்புதான்.)

அதற்கும் முந்திய கேள்வி, விற்க வந்தவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்பது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே முதலாளி என்றால் சொத்தும் கடனும் அவருடையவை. கூட்டாண்மை நிறுவனம் என்றால், கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு நிறுவனத்தின் நிலத்தை விற்கும் அதிகாரம் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி இயல்பாக அவருக்குக் கிடையாது. பெரியவர், பேச்சுத் தவறாதவர் என்பதெல்லாம் பத்திரப் பதிவில் உதவாது. பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும். கம்பெனி சொத்தின் மீது பதிவான கடன்களை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

நிலத்தோடு தொழிலையும் சேர்த்து வாங்கினால் ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவு குறுக்கே வரும். கைமாறிய நாள் வரை செலுத்தாத வரிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு. தொழிலாளரின் வருங்கால வைப்பு நிதிப் பாக்கியும் இப்படியே தொடரும்.

‘யாதொரு வில்லங்கமும் இல்லை, ஏற்பட்டால் நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன்’ என்று நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் வழக்கமாக ஒரு வாசகம் வரும். அது நிலத்துக்கு எழுதப்பட்டது. தொழில் வாங்குபவர் வரி, வைப்பு நிதி, மின்கட்டணம் மூன்றையும் பெயர் சொல்லித் தனி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதும், விலையில் ஒரு பகுதியைத் துறைகளின் நிலுவையின்மைச் சான்று வரும் வரை நிறுத்தி வைப்பதும் வழக்கறிஞர்கள் சொல்லும் வழி. மறைத்தது பின்னால் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விற்பனையை ரத்து செய்யக் கோரி உரிமையியல் நீதிமன்றம் போகலாம்.