கறுப்பா இருந்தாலும்…

மேசைமேல் வரிசை வரிசையாக முகப்படங்கள். எதிரில் இருப்பவர் அவற்றில் ஒன்றை மனதில் நினைத்துக்கொள்வார். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று மட்டுமே பதில் வரும். கேள்வி கேட்டுக் கேட்டு அந்த முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எவ்வளவு குறைவான கேள்விகளில் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம். ‘ஆணா?’ என்றால் ஒரு பெருங்கூட்டம் கழியும். ‘வெள்ளைக்காரரா?’ என்றால் இன்னொரு கூட்டம் கழியும்.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் எவான் ஆப்ஃபெல்பாம் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இந்த விளையாட்டைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆடிப் பார்த்தார்கள். ஆய்வு 2008இல் வெளிவந்தது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஒரு பக்கம். பத்து, பதினொன்று வயதுப் பிள்ளைகள் மறுபக்கம். இனம் சம்பந்தப்படாத படங்களில் பெரிய பிள்ளைகளே முந்தினார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வெள்ளை முகங்களும் கறுப்பு முகங்களும் கலந்த படங்களை வைத்ததும் சின்னப் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள். பெரிய பிள்ளைகள் பலர், வெற்றியைத் தரும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

ஒன்பது வயதுக்கும் பத்து வயதுக்கும் நடுவே என்ன நடந்தது? கண்ணெதிரே இருப்பதை வாயால் சொல்லக் கூடாது என்று அந்தப் பிள்ளைகள் எங்கோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பவரைப் பார்த்துக் குழந்தை ஏதோ கேட்க வாயெடுக்கும்போது அம்மா சொல்லும் ‘உஷ்’ போதும்.

அந்த ‘உஷ்’ நல்ல மனதோடு சொல்லப்படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குழந்தைக்கு நிறம் தெரியாது, நாமாகப் பேச்செடுத்தால்தான் தெரிந்துகொள்ளும், எதற்கு வீணாக நஞ்சை ஊட்டுவானேன் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இந்த நினைப்பின் அடிப்படையே தவறு என்பதுதான் கடந்த பல ஆண்டு ஆய்வுகள் சொல்லும் செய்தி.

கைக்குழந்தையிலிருந்து தொடங்கலாம். டேவிட் கெல்லியும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் எந்த இனத்து முகத்தையும் ஒரேபோலத்தான் பார்த்தன. மூன்று மாதத்தில், தன் வீட்டில் பார்த்துப் பழகிய இனத்து முகங்களையே கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்கிவிட்டன. அடுத்த ஆண்டு டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யாயிர் பார்-ஹைம் இதன் காரணத்தை இன்னும் தெளிவாகக் காட்டினார். எத்தியோப்பியாவில் வளரும் மூன்று மாதக் குழந்தைகள் கறுப்பு முகங்களை அதிகம் பார்த்தன. இஸ்ரேலில் வளரும் வெள்ளைக் குழந்தைகள் வெள்ளை முகங்களை அதிகம் பார்த்தன. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர்களின் குழந்தைகள் இரு நிறத்தவருக்கும் நடுவே வளர்ந்தன; அவற்றுக்கு எந்தப் பக்கமும் சாய்வு இல்லை. பிறவியில் வந்த வெறுப்பு என்று எதுவும் இங்கே இல்லை. எதைப் பார்த்து வளர்கிறதோ அது குழந்தைக்குப் பழகிய முகம் ஆகிறது, அவ்வளவுதான்.

பழகிய முகம் எப்போது ‘நல்ல’ முகம் ஆகிறது, பழகாத முகம் எப்போது ‘கெட்ட’ முகம் ஆகிறது? இதற்குப் பதில் தேடியவர்களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா பிக்லர் முக்கியமானவர். கோடைகாலப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் பாதிப்பேருக்கு நீலச் சட்டை, பாதிப்பேருக்கு மஞ்சள் சட்டை போட்டுவிட்டார். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைப் பயன்படுத்தினார்கள்: நீலச் சட்டைக்காரர்கள் இங்கே உட்காருங்கள், மஞ்சள் சட்டைக்காரர்கள் இந்த வரிசையில் நில்லுங்கள் என்கிற மாதிரி. எந்த நிறத்தையும் உயர்த்தியோ தாழ்த்தியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில வாரங்களில் அந்த வகுப்புப் பிள்ளைகள் தங்கள் நிறத்துக்காரர்களே மேல் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியர்கள் சட்டையைக் கண்டுகொள்ளாமல் விட்ட வகுப்புகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 1997இல் வெளிவந்த ஆய்வு இது.

‘பார்த்தீர்களா, பேசாமல் விட்டால் பிரச்சினை இல்லை’ என்று இதைப் படிப்பவர் சொல்லலாம். பிக்லர் குழுவே நான்கு ஆண்டு கழித்து அடுத்த அடியை எடுத்து வைத்தது. இம்முறை வகுப்புச் சுவரில் படங்கள் மாட்டப்பட்டன. பழைய போட்டிகளில் ஜெயித்தவர்கள், தலைவர்கள் என்று காட்டிய அந்தப் படங்களில் பெரும்பாலும் ஒரே நிறச் சட்டை. சுவரில் இந்தப் படங்களும் ஆசிரியர் வாயில் அந்த நிறப் பிரிவும் சேர்ந்த வகுப்புகளில், உயர்த்திக் காட்டப்பட்ட நிறத்துப் பிள்ளைகளிடம் பாரபட்சம் முளைத்தது. நாம் வாழும் ஊர் இந்த இரண்டாவது வகுப்புதான். யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், யார் குப்பை அள்ளுகிறார், விளம்பரத்தில் சிரிப்பது யார் முகம், சினிமாவில் அடியாளாக வருவது யார் முகம் என்று சுவர் முழுக்கப் படங்கள் மாட்டியிருக்கின்றன. பெற்றோர் வாயை மூடிக்கொள்வதால் சுவர் பேசாமல் இருக்கப்போவதில்லை.

இந்தச் சட்டைகளைப் பற்றிப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது நம் தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டிவரும் வண்ணக் கயிறுகள். சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆனால் நிறம் பார்த்து ஆளைப் பிரிக்கக் கற்கும் பிள்ளையின் மனம் ஒன்றுதான். நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவர் சாதிவெறியால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. அந்தப் பரிந்துரைக்கு ஆய்வுக்கூடச் சான்று வேண்டுமென்றால் அது பிக்லரின் வகுப்பறையில் இருக்கிறது.

பெற்றோர் பக்கம் வருவோம். பிர்கிட்டே விட்ரப் என்ற ஆய்வாளர் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஏறக்குறைய நூறு வெள்ளையர் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயது. இன ஒற்றுமையைக் காட்டும் காணொளிகளைச் சில குடும்பங்களுக்குக் கொடுத்து, அதையொட்டிப் பிள்ளைகளோடு வெளிப்படையாகப் பேசச் சொன்னார். விஷயம் என்னவென்று தெரிந்ததும் சில குடும்பங்கள் விலகிக்கொண்டன. தங்கியவர்களில் பலர் ‘எல்லாரும் சமம்’, ‘கடவுள் எல்லாரையும் ஒன்றாகத்தான் படைத்தார்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ‘உன் அப்பா அம்மாவுக்குக் கறுப்பினத்தவரைப் பிடிக்குமா?’ என்ற கேள்விக்குப் பிள்ளைகளில் கணிசமானோர் தெரியாது என்றார்கள். பிடிக்காது என்று சொன்னவர்களும் உண்டு.

அதே துறையில் எரின் பால்கேயும் பிக்லரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. வெள்ளைத் தாய்மாரையும் அவர்களுடைய நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளையும் தனித்தனியே சோதித்தபோது, தாயின் மனநிலைக்கும் பிள்ளையின் மனநிலைக்கும் தொடர்பே இல்லை. தாய் என்ன நினைக்கிறாள் என்பது பிள்ளைக்குத் தெரியவும் இல்லை. ஒன்று மட்டும் பொருந்தியது: பிற இனத்து நண்பர்கள் அதிகம் உள்ள தாயின் பிள்ளைக்குப் பாரபட்சம் குறைவு. அம்மாவின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளையால் பார்க்க முடியாது. வீட்டு வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்பதைப் பார்க்க முடியும்.

பேசாமல் இருப்பது எல்லாப் பெற்றோருக்கும் கிடைக்கும் வசதி அல்ல. 1940களில் உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் 253 பேரின் முன்னால், நிறம் தவிர மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்கும் பொம்மைகளை வைத்தார்கள். நல்ல பொம்மை எது, விளையாட எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். ‘உன்னைப் போல இருக்கும் பொம்மை எது?’ என்பது கடைசிக் கேள்விகளில் ஒன்று. அதைக் கேட்டதும் சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையைவிட்டு ஓடின. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தபோது, அதன் பதினோராவது அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் பெயர் இடம்பெற்றது.

தீர்ப்பு வந்து ஆறு ஆண்டு கழித்து, 1960 நவம்பர் 14 அன்று, ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த ஒரு தொடக்கப்பள்ளிக்குள் நுழைந்தாள். மத்திய அரசின் காவலர்கள் நான்கு பேர் சுற்றி நடந்தார்கள். வாசலில் கூச்சலிட்ட கூட்டத்தைக் கண்டு, ஊரில் நடக்கும் மார்டி கிரா திருவிழா என்று நினைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். புதுப் பள்ளிக்குப் போகிறாய், ஒழுங்காக நடந்துகொள் என்பதற்குமேல் வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் சின்னச் சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையை வைத்துத் தூக்கிக் காட்டினாள். வெள்ளைப் பெற்றோர் பிள்ளைகளை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை ரூபி ஒருத்திக்கு மட்டும் பாடம் நடத்தினார். ரூபியைத் தொடர்ந்து சந்தித்துவந்த மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ், அவள் வரைந்த படங்களைக் கவனித்தார். வெள்ளையர்களைப் பெரிதாக, முழுதாக வரைந்தாள். தன்னைப் போன்றவர்களை வரையும்போது ஏதோ ஓர் உறுப்பு விட்டுப்போனது.

பல மாதம் கழித்து ஒரு வெள்ளைச் சிறுவன் ரூபியிடம், உன்னோடு விளையாடக் கூடாது என்று எங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள் என்றான். காரணமாக அவள் நிறத்துக்கான இழிசொல்லையும் சொன்னான். அப்போதுதான் எல்லாம் புரிந்தது என்கிறார் ரூபி. அவன்மேல் கோபம் வரவில்லையாம். தன் அம்மா அப்படிச் சொல்லியிருந்தால் தானும் அதைக் கேட்டு நடந்திருப்பேன் என்கிறார். அந்த இரண்டு வீடுகளில், பேசியது வெறுப்பைச் சொன்ன வீடு மட்டும்தான்.

இன்றும் அமெரிக்கக் கறுப்பினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளிடம், குறிப்பாக ஆண்பிள்ளைகளிடம், ஒரு பேச்சைப் பேசித்தான் ஆக வேண்டியிருக்கிறது. போலீஸ் நிறுத்தினால் கையை வெளியே தெரியும்படி வை, சட்டென்று பைக்குள் விடாதே, எதிர்த்துப் பேசாதே. கிளீவ்லாந்தில் 2014 நவம்பரில் பொம்மைத் துப்பாக்கியோடு பூங்காவில் நின்ற தாமிர் ரைஸைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றபோது அவனுக்கு வயது 12. அந்தப் பெற்றோருக்கு ‘இதெல்லாம் குழந்தைக்கு இப்போது எதற்கு’ என்று தள்ளிப்போட வழியில்லை.

அப்படியானால் என்ன பேசுவது? ‘எல்லாரும் சமம்’ என்பது போதாது. சமமாக இல்லாததைத்தான் பிள்ளை தினமும் பார்க்கிறதே. ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் சொல்லாவிட்டால் அதுவே ஒரு காரணத்தைத் தேடிக்கொள்ளும். அவர்கள் ஏழைகளாக இருக்கிறார்கள் என்றால் சோம்பேறிகள்போல என்று முடிவுகட்டும். ஜூலி ஹியூஸும் பிக்லரும் ஷெரி லெவியும் 2007இல் செய்த ஆய்வு இங்கே வழிகாட்டுகிறது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் போன்ற கறுப்பினச் சாதனையாளர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். ஒரு குழுவுக்குச் சாதனையை மட்டும் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு, அவர்களை எப்படியெல்லாம் ஒதுக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அநியாயத்தையும் கேட்ட வெள்ளைப் பிள்ளைகளுக்கே கறுப்பினத்தவர்மேல் மதிப்பு கூடியது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் குற்றவுணர்வும் வந்தது. வரட்டும். உண்மையைக் கேட்டு வருத்தப்படும் வயது அது.

நம் வீடுகளில் இந்தப் பாடம் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பிள்ளை சிவப்பாகப் பிறக்கவேண்டும் என்று கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ. பிறந்ததும் யார் சாயல் என்பதற்கு முன்னால் என்ன நிறம் என்று விசாரிப்பு. வளர்ந்த பெண்ணைப் பாராட்டும்போதுகூட, ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.’ அந்த ‘இருந்தாலும்’ ஒரு முழுப் பாடப் புத்தகம். மூன்று வயதுக் குழந்தைக்கு அதன் இலக்கணம் துல்லியமாகப் புரியும்.

அறிவியலுக்கு இந்த ‘இருந்தாலும்’ தெரியாது. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு, எவ்வகை மெலனினைச் செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. சுள்ளென்று வெயில் அடிக்கும் நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் உடலை அந்த மெலனின் காத்தது. வெளிர்நிறத்தில் பெரும்பங்கு வகிக்கும் எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணு, 2005இல் ஒரு வரிக்குதிரை மீனின் துணையோடு அடையாளம் காணப்பட்டது. ஐரோப்பியரிடம் உள்ள அதே மாற்றம் இந்தியரிடமும் உண்டு, இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று ஹைதராபாத் ஆய்வாளர்கள் பங்கேற்ற 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஒரு தாய் வயிற்றில் ஒன்று வெளுப்பாகவும் ஒன்று கறுப்பாகவும் பிறப்பது இப்படிப்பட்ட மரபணுக்கள் கலைந்து சேரும் விதத்தால்தான்.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆப்பிரிக்க மாணவரைப் பார்த்துக் குழந்தை கேட்கிறது: “அம்மா, அந்த அண்ணா ஏன் இவ்ளோ கறுப்பா இருக்காங்க?”

“அவங்க தோல்ல மெலனின்னு ஒண்ணு நிறைய இருக்கு. வெயில் உள்ளே போய் உடம்பைக் கெடுக்காம அது பாத்துக்கும். உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அவங்களுக்குக் கொஞ்சம் கூட.”

“அப்போ அது நல்லதா?”

“ஆமா.”

குழந்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறது. பிறகு, “அப்போ பாட்டி ஏன் வெயில்ல விளையாடாதே, கறுத்துடுவேன்னு திட்டறாங்க?”