ஆறு ஒயர் பெடல்

பழைய பெட்ரோல் காரை வீட்டிலேயே மின்சாரக் காராக மாற்ற இறங்குகிறவர்கள் மோட்டாரைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பேட்டரியைப் பற்றி அதைவிடக் கூடுதலாக. ஆக்சிலரேட்டர் பெடலின் முறை வரும்போது பணமும் பொறுமையும் கரைந்திருக்கும். கைக்குக் கிடைத்ததை மாட்டிவிடுவார்கள். மோட்டார் கெட்டால் வண்டி நின்றுவிடும். பேட்டரி தீர்ந்தாலும் நின்றுவிடும். பெடல் கெட்டால்தான் வண்டி நிற்காமல் பாய வாய்ப்பு உண்டு. விலை குறைந்த பாகம்தான், ஆனால் தேர்வில் கறார் காட்ட இந்த ஒரு காரணம் போதும்.

மாருதி 800, அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் பெடலை மிதித்தால் ஒரு கேபிள் இழுபட்டு கார்புரேட்டரின் கதவைத் திறக்கும். மின்சார வண்டியில் திறக்கக் கதவே இல்லை. கால் எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்பதை ஒரு சிறிய வோல்டேஜாகவோ மின்தடையாகவோ மோட்டார் கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வழிகள் சில உண்டு. பழைய பெடலையும் கேபிளையும் அப்படியே விட்டு, கேபிளின் மறுமுனையில் ஒரு பாட்பாக்ஸ், அதாவது பொட்டென்சியோமீட்டர் (சுருக்கமாக பாட்) உள்ள பெட்டி, வைப்பது முதல் வழி. ஃபோர்க்லிஃப்ட், கோல்ஃப் வண்டிகளுக்காக வந்த கர்டிஸ் பிபி-6 இதில் பெயர் பெற்றது. நெம்புகோலைத் தள்ளத் தள்ள அதன் மின்தடை 0 முதல் 5 கிலோ ஓம் வரை ஏறும். மிதி தொடங்கியதைச் சொல்ல ஒரு சிறு சுவிட்சும் உண்டு. வீட்டுப் பட்டறை மின்சாரக் கார்களில் வெகுகாலம் இதுதான் ஓடியது. இன்னொரு வழி, இ-ரிக்‌ஷா உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் மூன்று ஒயர் பெடல். மாட்டுவது எளிது, விலையும் குறைவு. ஆனால் இரண்டுக்கும் ஒரே குறை: காலின் நிலையைச் சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தச் சாட்சி தவறினால் குறுக்கே கேட்க ஆள் இல்லை. கிடங்குக்குள் ஊர்ந்து போகும் வண்டிக்கு அது பரவாயில்லை. நெடுஞ்சாலையில் ஓட்டப்போகும் காருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழிதான் காயலான் கடை வழி. காமன் ரெயில் டீசல் கார்களிலும், எலக்ட்ரானிக் த்ராட்டில் கொண்ட பெட்ரோல் கார்களிலும் கேபிளே கிடையாது. பெடலோடு சேர்ந்தே சென்சார் வரும். சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் பிரித்துப்போட்ட கார்களிலிருந்து இவை கிடைக்கும். பெரும்பாலானவற்றின் கனெக்டரில் ஆறு பின் இருக்கும். ஒரே பெடலுக்குள் இரண்டு தனித்தனிச் சென்சார்கள். ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட் ஒன்று, கிரவுண்ட் ஒன்று, சிக்னல் ஒன்று. பல மாற்று வண்டிகளில் இந்த ஆறில் மூன்றை மட்டும் இணைத்துவிட்டு மீதி மூன்றை டேப் சுற்றி ஓரம் கட்டியிருப்பார்கள். ‘ஒண்ணே வேலை செய்யுதே’ என்பது வாதம். அப்படிச் செய்வதென்றால் மூன்று ஒயர் பெடலையே வாங்கியிருக்கலாம். ஆறு ஒயர் பெடலைத் தேடிப்போவதே அந்த இரண்டாவது சிக்னலுக்காகத்தான்.

அந்த இரண்டு சிக்னல்களும் ஒன்றுபோல இருக்கமாட்டா. டொயோட்டா பெடல்களில் காலை எடுத்த நிலையில் ஒன்று சுமார் 0.8 வோல்ட், மற்றது சுமார் 1.6 வோல்ட் காட்டும். அழுத்த அழுத்த இரண்டும் அந்த இடைவெளியோடு சேர்ந்தே ஏறும். ஃபோக்ஸ்வாகன் வகைப் பெடல்களில் இரண்டாவது சிக்னல் எப்போதும் முதலாவதில் பாதி. 2000-களின் ஃபோர்டு வண்டிகள் சிலவற்றில் மூன்று சென்சார்கள். அதில் ஒன்று மிதிக்க மிதிக்க இறங்கும். இந்த வேறுபாடு தற்செயல் அல்ல. இரண்டு சிக்னல்களும் ஒரே அளவில் ஓடினால், ஒயர்கள் உரசி ஒட்டிக்கொண்ட நாளில் கன்ட்ரோலருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இரண்டு சாட்சிகள் ஒன்றாகிப்போனதை அது அறியாது. இடையில் 0.8 வோல்ட் இருந்தாக வேண்டும் என்ற விதி இருந்தால், இடைவெளி மறைந்த கணமே குட்டு உடைந்துவிடும்.

சிக்னல் 0-வில் தொடங்காததும் 5-ல் முடியாததும் இதே முன்யோசனைதான். பாட் வகைச் சென்சாரில் ஒரு முனை 5 வோல்ட், மறுமுனை கிரவுண்ட், நடுவில் நகரும் தொடுமுனைதான் சிக்னல். கிரவுண்ட் ஒயர் மட்டும் அறுந்தால் என்ன ஆகும்? சிக்னல் நேராக 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். கால் தரையில் இருக்க, கன்ட்ரோலர் முழு மிதி என்று எடுத்துக்கொள்ளும். நல்ல பெடலின் முழு மிதியே 4.5 வோல்ட் வாக்கில் முடிந்துவிடுவதால், அதற்கு மேல் வரும் எதையும் பழுது என்று ஒதுக்க இடம் கிடைக்கிறது. அடியில் 0.5 வோல்ட்டுக்குக் கீழே வந்தாலும் அப்படித்தான்: ஒயர் அறுந்திருக்கிறது அல்லது பாடியில் உரசுகிறது.

பொறியியல் மாணவர்கள் கட்டும் பந்தயக் கார்களுக்கான ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அந்த வழியில்தான் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டியும் நடக்கிறது. பெடலுக்குக் குறைந்தது இரண்டு சென்சார் வேண்டும். இரண்டும் சொல்லும் நிலை 10 சதவீதத்துக்கு மேல் விலகி 100 மில்லி விநாடிக்கு மேல் நீடித்தால் மோட்டாருக்குப் போகும் சக்தி நின்றாக வேண்டும். பெடலைத் திருப்பி இழுக்க இரண்டு ஸ்பிரிங், ஒன்று அறுந்தாலும் மற்றது தனியாகச் சமாளிக்க வேண்டும். வீட்டு வண்டிக்கு இந்த விதிகள் கட்டாயமில்லை. ஆனால் இதைவிடத் தெளிவாக எழுதிய வேறொரு வழிகாட்டியை நான் சொல்லமாட்டேன்.

பெடலுக்குள் என்ன சென்சார் என்பது அடுத்த கேள்வி. பாட் என்றால் கரித்தடத்தின் மேல் ஒரு தொடுமுனை உராய்ந்து நகரும். உராய்வதெல்லாம் தேயும், அதுவும் ஓட்டுநர் கால் அதிகம் நிற்கும் இடத்தில் முதலில் தேயும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் பாட் பெடலில் சரியாக அந்த இடத்தில் சிக்னல் துள்ளும். ஹால் வகையில் ஒரு காந்தம் சிறு சில்லைத் தொடாமல் நகர்கிறது. தேய எதுவும் இல்லை. இரண்டும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹால் வகையை எடுங்கள். டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறைப் பெடல், அதாவது 2004 முதல் 2009 வரையிலான வண்டியுடையது, வெளிநாட்டு மாற்றுப் பட்டறைகளில் விரும்பித் தேடப்படுவதற்கு இது ஒரு காரணம்.

பாட் வகைக்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. டொயோட்டா வண்டிகள் தானாகப் பாய்வதாக எழுந்த புகார்களை அமெரிக்க அரசு நாசாவிடம் ஆராயக் கொடுத்தது. 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. புகார்களுக்கு எலக்ட்ரானிக்ஸ்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் பாட் வகைப் பெடல்களுக்குள் வெள்ளீயப் பூச்சிலிருந்து முளைத்த மயிரிழை போன்ற உலோகக் கம்பிகள் சிக்னல்களுக்கு இடையே பாலம் போட்டிருந்ததை நாசா பொறியாளர்கள் கண்டார்கள். இரண்டு சிக்னல்கள் ஒட்டிக்கொள்வது என்று மேலே சொன்னேனே, அது வெறும் ஊகமல்ல.

அதே டொயோட்டா விவகாரத்தில் இன்னொரு பாடம் எந்திரம் சார்ந்தது. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 23 லட்சம் வண்டிகள் பெடல் ஒட்டிக்கொள்வதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. எலக்ட்ரானிக் பெடலுக்குக் கேபிள் இல்லாததால் காலுக்கு எதிர்ப்பு குறைவு. கால் நடுங்கினால் வண்டியும் நடுங்கும். அதனால் பெடலுக்குள் வேண்டுமென்றே சிறிது உராய்வு வைக்கிறார்கள். அந்த உராய்வுப் பகுதி தேய்ந்து, ஈரமும் சேர்ந்தபோது, பெடல் திரும்பி வர மறுத்தது. பழைய பெடலை வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடையிலேயே கையால் அழுத்தி, மெதுவாக, மிக மெதுவாக விட்டுப் பாருங்கள். சட்டென்று விட்டால் எந்தப் பெடலும் திரும்பும். விரலோடு தயங்கித் தயங்கி வந்தால், அல்லது கடைசி அரை அங்குலத்தில் சோம்பினால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடையில் கவனிக்க வேண்டிய மற்றவை சில்லறை விஷயங்கள்தான், ஒன்றைத் தவிர. கனெக்டர். பெடலைக் கழற்றிப்போடுகிறவர்கள் ஒயரை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அதற்கேற்ற கனெக்டரைத் தனியாகத் தேடுவது பெடலைத் தேடுவதைவிடக் கடினம். வண்டிப் பக்கத்து கனெக்டரையும் ஒரு முழம் ஒயரோடு கேட்டு வாங்குங்கள். ஒயர்களின் நிறம் பிறகு உதவும். பெடலில் ஒட்டியுள்ள பாக எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். எந்த பின் எதற்கு என்பதை அந்த எண்ணையும் வண்டியின் சர்க்யூட் படத்தையும் வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும், ஊகித்து அல்ல.

வீட்டில் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டும் ஒரு மல்டிமீட்டரும் போதும். 12 வோல்ட் பேட்டரியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கும் சில்லு 5 வோல்ட்டுக்கானது. இரண்டு சிக்னல்களையும் காலை எடுத்த நிலையிலும் முழு மிதியிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாக அழுத்தியபடி எண்கள் துள்ளாமல் ஏறுகின்றனவா என்று பாருங்கள். பாட் வகைக்குப் பழைய முள் மீட்டர் இருந்தால் அதுவே உத்தமம். டிஜிட்டல் மீட்டர் கண்ணில் படாமல் தாண்டிவிடும் துள்ளலை முள் காட்டிக்கொடுக்கும். ஒயரை ஆட்டியபடியும், ஹேர் டிரையரால் சூடாக்கியும் இதையே செய்யுங்கள். ஓம் அளவில் வைத்து அழுத்தினால் மின்தடை சீராக மாறுவது பாட். ஹால் வகையில் அப்படி எதுவும் தெரியாது; அதற்காக அது கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம்.

பொருத்துவதில்தான் பல வண்டிகள் சொதப்புகின்றன. தரையில் கீல் வைத்த பெடல், மேலிருந்து தொங்கும் பெடல் என இரண்டு வகை உண்டு. பழைய வண்டியில் எது இருந்ததோ அதே வகையைத் தேடுவது வேலையைப் பாதியாக்கும். அசல் ஆக்சிலரேட்டர் இருந்த அதே இடத்தில், பிரேக்குக்கு அதே தூரத்தில் வர வேண்டும். பல ஆண்டுப் பழக்கத்தில் கால் தானாகவே அங்கேதான் போகும். தாங்கு தகடு 3 மில்லிமீட்டர் இரும்பாவது இருக்கட்டும். தரைவிரிப்பு பெடலின் அடியில் சிக்க வழியே இருக்கக் கூடாது: டொயோட்டாவின் 2009 திரும்ப அழைப்பு விரிப்புக்காகத்தான் நடந்தது. சிக்னல் ஒயர்களை ஷீல்டு கேபிளில், மோட்டாரின் கனத்த கேபிள்களிலிருந்து விலக்கி இழுங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

கன்ட்ரோலர் இரண்டு சிக்னல்களையும் ஒப்பிடத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஓப்பன்இன்வர்ட்டர் என்ற கன்ட்ரோலர் மென்பொருளில் இரண்டு சேனல்களுக்கும் தனித்தனியாகக் கீழ் எல்லை, மேல் எல்லை குறிக்கலாம். நீங்கள் குறித்துவைத்த ஓய்வு அளவுக்குச் சற்று மேலே கீழ் எல்லையையும், முழு மிதிக்குச் சற்றுக் கீழே மேல் எல்லையையும் வையுங்கள். பிரேக்கை மிதித்தால் ஆக்சிலரேட்டர் செல்லாது என்ற அமைப்பு இருந்தால் தயங்காமல் போடுங்கள். உங்கள் கன்ட்ரோலருக்கு ஒரே சிக்னல்தான் புரியும் என்றால், இரண்டையும் படித்துச் சரிபார்த்து ஒன்றைக் கொடுக்கும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகையை இடையில் வைக்கலாம். ஆனால் அந்தப் பலகையே ஒற்றைச் சாட்சியாகிவிடாமல், அது உறைந்துபோனால் மெயின் கான்டாக்டர் விழும்படி இணைக்க வேண்டும்.

இந்தியச் சாலையில் ஓட்டுவதானால் மாற்று வண்டிகளுக்கு ஏஐஎஸ் 123 என்ற தரம் உண்டு. அனுமதி பெற்ற கிட், பதிவுச் சான்றில் மாற்றம் என்று அது தனிக் கதை. பழைய பெடல் நன்றாக வேலை செய்கிறது என்பதால் அந்த அனுமதி வந்துவிடாது.

தரையில் இறக்கும் முன் கடைசிச் சோதனை ஒன்று. ஓட்டும் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, மோட்டாரை நிதானமாகச் சுழலவிட்டு, பெடல் கனெக்டரின் ஆறு ஒயர்களையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பாருங்கள். பிறகு இரண்டு சிக்னல்களையும் ஒன்றாக இணைத்தும் பாருங்கள். ஏழு முறையும் மோட்டார் நிற்க வேண்டும். ஒருமுறை வேகம் கூடினாலும் வண்டி ஸ்டாண்டிலேயே இருக்கட்டும்.