சபையில் நன்னம்பிக்கை வளரும் வழி

மும்பை நகரின் தேவ்நாரை, 1927ஆம் ஆண்டு முதல் நகரத்துக் குப்பை கொட்டப்படும் இடமென்றும், 1971இல் அமைந்த இறைச்சிக்கூடம் உள்ள இடமென்றுமே பிறர் அறிவர். ஆனால் அங்கும், அடுத்துள்ள செம்பூரிலும், சற்றுத் தொலைவிலுள்ள தாராவியிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது தாய்மொழியில் பாடும் நாள். ஊர்முகங்களைக் காணும் நாள். அத்தகைய சபை சோர்ந்து போனால், வந்தேறி வாழ்பவனுக்குச் சாய்ந்துகொள்ள வேறு தோள் எது? ஆகவே சபையில் நன்னம்பிக்கை எவ்வாறு வளர்கிறது என்பதை நாம் ஆராய்ந்து பார்த்தல் நலம்.

நன்னம்பிக்கை என்பது சிரித்த முகமும் இனிய சொல்லும் மட்டும் அன்று. வேலையிழந்தவனிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறிவிட்டு நகர்வது நம்பிக்கையாகாது. ஒவ்வொருவருக்கும் செய்வதற்கு ஒரு பணியும், கொடுப்பதற்கு ஒரு பங்கும் இருக்கும் இடத்திலேயே நம்பிக்கை வேரூன்றுகிறது. இதற்குச் சான்றாக நம் திருநெல்வேலிச் சீமையின் வரலாறே இருக்கிறது.

துன்புறுத்தப்பட்டு ஊரைவிட்டு நீங்கிய கிறிஸ்தவர்கள் அடைக்கலம் பெறும் பொருட்டு, 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் முயற்சியால் முதலூர் உண்டாயிற்று. அவ்வூரின் முதற்குடிகளும் நம்மைப் போலவே இடம் பெயர்ந்தவர்கள்தாம். அவர்கள் இழந்த ஊரின் பெயரை வைக்காமல், "முதல் ஊர்" என்றே பெயரிட்டனர். முடிந்து போனதை அன்று, தொடங்கவிருப்பதையே அப்பெயர் சுட்டுகிறது. பின்னர் 1830இல் ரேனியஸ் ஐயர் தரும சங்கத்தை ஏற்படுத்தினார். கிறிஸ்தவக் குடிகள் அச்சமின்றி வாழ நிலமும் மனையும் வாங்குவதே அதன் நோக்கம்.

அச்சபையாரில் பலர் பனைத்தொழிலை நம்பி வாழ்ந்த ஏழைகள். ஆயினும் வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் காணிக்கையாகக் கொணரும் வழக்கம் அச்சீமையில் பரவியது. பிடியரிசி சிறிது; ஆனால் அதைக் கொடுத்தவள் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையிலிருந்து பிறருக்கு உதவும் நிலைக்கு உயர்ந்தாள். 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கத்தை நிறுவினர். இந்தியர் பொருளைக் கொண்டு, இந்தியர் நிர்வாகத்தில், இந்தியரே ஊழியம் செய்வது அதன் கொள்கை. அதன் ஊழியர்கள் தோர்ணக்கல் பகுதிக்குச் சென்று தெலுங்கு கற்றுப் பணி புரிந்தனர். அப்பணிக்குச் சென்ற அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன யாவை? முதலாவது, புதிதாய் வருபவரை வரவேற்கும் முறை. "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பது நம் வழக்கம். அக்கேள்வியில் அன்பும் உண்டு. சில வேளைகளில் சாதியை அறியும் ஆவலும் ஒளிந்திருப்பதுண்டு. அதைக் கேட்ட இளைஞன் மறு ஞாயிறு வராமற் போனால், தவறு அவனுடையதன்று. "எங்கே தங்கியிருக்கிறீர்கள்? என்ன உதவி வேண்டும்?" என்று கேட்போம். அவ்வாரத்திற்குள் அவர் இருப்பிடம் தேடி ஒருவராவது செல்வோம்.

இரண்டாவது, பணியைப் பகிர்தல். நாலைந்து குடும்பங்களே எல்லாப் பொறுப்பையும் சுமந்தால் அவர்களுக்குச் சலிப்பும் மற்றவர்களுக்கு மனக்கசப்பும் மிஞ்சும். அசனத்திற்குக் காய் நறுக்குவதிலிருந்து, அறுப்பின் பண்டிகையில் ஏலம் கூறுவது வரை புதியவர்க்கும் இளைஞர்க்கும் இடமளிப்போம். தமிழ் எழுத்தறியாத பிள்ளைகளுக்குப் பாட்டும் வாசிப்பும் கற்பிப்பதும் அத்தகைய பணியே.

மூன்றாவது, வெளிப்படையான நடைமுறை. காணிக்கைக் கணக்கைச் சபையார் முன் வாசித்தால் ஐயத்திற்கு இடமில்லை. குறை இருப்பின் முதலில் உரியவரிடம் தனியே பேச வேண்டுமென்பது மத்தேயு சுவிசேஷம் காட்டும் வழி. கோவண்டி இரயிலடியில் நின்று மூன்றாம் மனிதரிடம் கூறும் குறை தீர்வதில்லை, வளரவே செய்கிறது.

இறுதியாக ஒன்று. துக்கத்தை மறைக்கும் சபை நம்பிக்கையுள்ள சபையன்று. இரவு வேலை முடித்து உறங்காமல் வந்தமர்ந்தவரும், ஊரில் தாயை இழந்து போக இயலாமல் தவிப்பவரும் வாய்விட்டு அழ இடம் வேண்டும். அவர்கள் அருகில் யாரேனும் அமர்ந்தால் அதுவே பெரிய ஆறுதல். அன்று உலைப்பானை அருகே எடுத்து வைத்த பிடியரிசியைப் போல, இன்று நாம் ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரு மணி நேரத்தைப் பிறருக்கென எடுத்து வைப்போமாக. தேவ்நாரும் நமக்கு ஒரு முதலூர் ஆகும்.