பெங்குவினுக்கு ஒரு நீதி, பாம்பன் மீனவனுக்கு ஒரு நீதியா?

தென் துருவத்தில் ஊர் இல்லை. ஊராட்சி இல்லை. வாக்காளர் பட்டியல் இல்லை. ஓட்டுக் கேட்டு ஏறி இறங்க ஒரு வாசற்படிகூட இல்லை. பனி இருக்கிறது, பெங்குவின் பறவை இருக்கிறது, கடல் நாய் இருக்கிறது. ஆராய்ச்சிக்காகப் போய்த் திரும்பும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்தப் பனிக் கண்டத்திலே இந்திய சர்க்கார் 'பாரதி' என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. 2012-ஆம் ஆண்டு அது இயங்கத் தொடங்கிற்று. ஆனால், தோழர்களே, அங்கே முதல் ஆணி அடிக்கப்படுவதற்கு முன்னால் டில்லி ஒரு பெரிய அறிக்கை எழுத வேண்டியிருந்தது. கழிவு நீர் எங்கே போகும்? எண்ணெய் சிந்தினால் யார் அள்ளுவது? பறவை முட்டையிடும் இடத்துக்கு இரைச்சல் கேட்குமா? வேறு இடம் உண்டா? கட்டாமலே விட்டுவிட்டால் என்ன? இத்தனைக்கும் பதில் எழுதி, அந்த வரைவை ஒப்பந்த நாடுகள் அனைத்துக்கும் அனுப்பி, எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வெளியிட்டு, குறை சொல்ல 90 நாள் தவணை கொடுத்து, அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கலாம் என்பது அங்குள்ள விதி. டில்லி அந்த விதிக்கு அடங்கி நடந்தது. இதை நாம் குறை கூறவில்லை. நல்ல விதி, நல்ல பழக்கம் என்றே பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டு, இராமநாதபுரம் பக்கம் திரும்புகிறோம்.

2025 மார்ச் மாதத்திலே, இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 இடங்களில் எண்ணெயும் எரிவாயுவும் தேடி 2,000 முதல் 3,000 மீட்டர் ஆழம் வரை துளையிட, எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அனுமதி கிடைத்த சேதி ஆகஸ்டில்தான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு முன் எந்தக் கண்மாய்க் கரையிலாவது பந்தல் போட்டு உழவர்களைக் கூட்டினார்களா? எந்தக் கடற்கரையிலாவது மீனவர்களை அழைத்து, "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டார்களா? இல்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தக் கட்டாயத்தை எடுத்தெறிந்துவிட்டார்கள், 2020-ஆம் ஆண்டிலேயே!

நடந்ததைச் சொல்கிறோம். 2006 செப்டம்பரில் வந்த அறிவிக்கை, பெரிய திட்டங்களை 'ஏ' பிரிவு என்றும் மற்றவற்றை 'பி' பிரிவு என்றும் வகுத்தது. 'ஏ' பிரிவு என்றால் முழு ஆய்வு உண்டு, டில்லியின் வல்லுநர் குழு உண்டு, பொதுமக்கள் கருத்துக்கேட்பு உண்டு. எண்ணெய் தேடும் வேலை அந்த முதல் பிரிவில் இருந்தது. 2020 ஜனவரி 16-ஆம் நாள் டில்லி ஓர் உத்தரவு போட்டது. நிலத்திலும் கடலிலும் எண்ணெய், எரிவாயு தேடும் திட்டங்கள் எல்லாம் இனி 'பி-2' பிரிவு என்றது. 'பி-2' என்றால் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டாம், பொதுமக்கள் கருத்துக்கேட்பும் வேண்டாம். பரீட்சையே எழுதாதவனுக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுத்த கதை!

"இது வெறும் தேடுதல்தானே, எடுத்தல் அல்லவே" என்று டில்லியின் வக்கீல்கள் வாதாடக்கூடும். நாம் கேட்கிறோம்: தென் துருவத்திலே தேடுதலுக்கு இடம் உண்டா? 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, கனிவளம் தொடர்பான எந்த வேலையும் அங்கே கூடாது, அறிவியல் ஆராய்ச்சி ஒன்றுக்கே விலக்கு என்கிறது. அந்த உடன்படிக்கைக்கு உட்பட்டு 2022-இல் இந்தியப் பாராளுமன்றமே ஒரு சட்டம் நிறைவேற்றியது. அங்கே கனிவளத்துக்காகத் துளையிடுகிறவனுக்குச் சிறைத்தண்டனை என்று அதில் எழுதியிருக்கிறது. துருவத்திலே துளையிட்டால் சிறை. இராமநாதபுரத்திலே துளையிட்டால் அனுமதிச் சீட்டு!

துருவ நாடுகளின் ஒப்பந்தங்கள் வெறும் நல்லெண்ணத்தில் பிறந்தவை அல்ல. பட்டுத் தெளிந்து எழுதியவை. 1988-இல் தென் துருவத்தில் கனிவளம் எடுப்பதை ஒழுங்குபடுத்த ஓர் ஒப்பந்தம் தயாராயிற்று. 1989 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கப்பல் ஒன்று அந்தப் பனிக்கடலில் பாறையில் மோதி எண்ணெயைக் கொட்டியது. அதே ஆண்டு மார்ச்சில் வட திசையில் அலாஸ்காக் கரையோரம் 'எக்ஸான் வால்டீஸ்' என்ற கப்பல் தரைதட்டி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கடலில் விட்டது. பறவைகள் கரியைப் பூசிக்கொண்டு செத்து ஒதுங்கிய காட்சியை உலகம் கண்டது. ஆஸ்திரேலியாவும் பிரான்சும் கனிவள ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தன. எடுப்பதற்கு எழுதிய ஒப்பந்தம் செத்தது. காப்பதற்கான ஒப்பந்தம் பிறந்தது. 1998-இல் அது நடைமுறைக்கு வந்தது.

வட துருவக் கடலில் இன்னொரு பாடம். பனி உருகி, புதிய மீன்பிடி நீர்ப்பரப்பு திறந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான் உட்பட ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018-இல் கூடி ஒரு முடிவு எடுத்தன. "அந்தக் கடலில் என்ன மீன் எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரிகிற வரை வணிக மீன்பிடிப்பு வேண்டாம். 16 ஆண்டு பொறுப்போம்" என்பதுதான் அதன் சாரம். ஒருவரோடு ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற வல்லரசுகள்கூட, தெரியாத கடலில் கை வைக்காதே என்பதில் ஒன்றுபட்டன. 2021-இல் அதுவும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

நமது மன்னார் வளைகுடா தெரியாத கடல் அல்ல. தெரிந்த கடல்! 1947-லேயே தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இயங்கிற்று. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று எண்ணி, 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என அறிவித்தார்கள். 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினார்கள். 117 வகைப் பவளங்கள் உண்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கடற்புல் மேய்கின்ற ஆவுளியா இங்கே உண்டு என்பது குருசடைத் தீவைச் சுற்றும் பிள்ளைக்கும் தெரியும். பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததால் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன என்பதும் ஏட்டில் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும், தெரியாதவர்கள்போல் நடக்கிறார்கள்.

பூங்கா அறிவித்தார்களே, அந்தச் சட்டம் யார் மீது பாய்ந்தது? சின்னப்பாலத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் கை கிழிபட, கடற்பாசி பறித்துக் கரை சேர்க்கிறவர்கள். தாய் செய்த தொழிலை மகள் செய்கிறாள். அவள் தீவுப் பக்கம் போனால் குற்றம், வனத்துறைக்கு அஞ்சி ஒதுங்க வேண்டும். கடலைக் காக்க வேண்டும், சரி; கட்டுப்பாடு வேண்டும், சரி. ஆனால் மூச்சை அடக்கி மூழ்குகிற பெண்ணுக்குத் தடை போட்ட கை, கப்பலில் வந்து கடலடியைக் குலுக்குகிறவனுக்குக் கம்பளம் விரிக்கலாமா? எண்ணெய் தேடுகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள், தெரியுமா? காற்றை அமுக்கி வெடிக்கும் குழல்களைக் கப்பலின் பின்னே இழுத்துச் சென்று, நாளெல்லாம் கடலுக்குள் வெடியோசை எழுப்பி, எதிரொலியை அளப்பார்கள். பிறகு துளையிடுவார்கள். அப்போது இரசாயனச் சேறு வரும், பாறைத்தூள் வரும். மீன் எங்கே ஓடும், வலை எங்கே விழும் என்ற கேள்விக்கு 'பி-2' பிரிவில் இடம் இல்லை.

நிலத்தோடு நிற்கவில்லை இவர்கள் ஆசை. தென் கடலின் ஆழ்பகுதியையும் கட்டம் கட்டமாக வகுத்து ஏலம் கூவினார்கள். அந்த ஏலத்தைக் கைவிடுங்கள் என்று 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இராமநாதபுரத்து 20 கிணறுகளுக்கான அனுமதியைத் திரும்பப் பெறுமாறு அந்த ஆண்டு ஆகஸ்டில் மாநில அரசு ஆணையத்துக்கு அறிவுறுத்தியது. எந்த ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கும் இங்கே இடமில்லை என்று அறிவித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் தீ பிடித்த பின் தண்ணீர் தேடுவதா? தீப்பெட்டி டில்லியின் 2020 உத்தரவில் இருக்கிறது. அதைப் பிடுங்க வேண்டும்.

கடலுக்கு வேலி இல்லை என்பதையும் டில்லி மறந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னார்க் கடலில், 2011-இல் துளையிட்டு எரிவாயு கண்டார்கள். இந்தப் பக்கம் இவர்கள் ஏலம் விடுகிறார்கள். ஒரே தண்ணீர், ஒரே நீரோட்டம். காற்றுத் திசை மாறினால் இங்கு சிந்தியது அங்கே போகும், அங்கு சிந்தியது இங்கே வரும். 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய 'எம்.எஸ்.சி. எல்சா-3' கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கரையில் ஒதுங்கவில்லையா? 1974-இல் கச்சத்தீவைக் கைகழுவிய ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். எல்லைக்கோட்டின் இருபுறமும் பரவிய எண்ணெய் வயல் கிடைத்தால் எப்படி எடுப்பது, எப்படிப் பங்கிடுவது என்று பேசி முடிவு செய்வதற்கு அதில் ஒரு பிரிவு இருக்கிறது. எடுப்பதற்கு முன் கடலுக்கு என்ன கேடு வரும் என்று ஆராய ஒரு வரி இல்லை! தீவு போயிற்று, கேள்வியும் போயிற்று.

உலகச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை இந்தியாவும் ஏற்றிருக்கிறது, இலங்கையும் ஏற்றிருக்கிறது. கடலுக்குப் பெருங்கேடு வரக்கூடிய வேலை என்றால் முன்கூட்டி மதிப்பிட்டு, முடிவை வெளியிட வேண்டும் என்று அதன் 206-ஆவது பிரிவு கூறுகிறது. அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இடையே ஓடும் ஆற்றங்கரையில் ஒரு காகிதக்கூழ் ஆலை எழுந்த வழக்கில், எல்லை தாண்டிக் கேடு விளைவிக்கக்கூடிய திட்டத்துக்குத் தாக்க மதிப்பீடு நாடுகளின் கடமை என்று 2010-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. ஆற்றுக்கு உள்ள நியாயம் கடலுக்கு இல்லையா?

"சேதுக் கால்வாய் கேட்டவர்களா இதைப் பேசுவது?" என்று சிலர் சீண்டுவார்கள். ஆம், நாம்தான் பேசுகிறோம். அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-லேயே எழுச்சி நாள் கொண்டாடிக் கேட்ட திட்டம் அது. அந்தத் திட்டத்துக்கு ஆய்வறிக்கை எழுதினார்கள், கடலோர மாவட்டங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஆதரித்தவனும் பேசினான், எதிர்த்தவனும் பேசினான். நாம் விரும்பிய திட்டமே அந்தப் படியேறித்தான் வந்தது. நாம் வளர்ச்சிக்குப் பகைவர் அல்லர். மக்களைக் கேளாத வளர்ச்சிக்குப் பகைவர்.

மக்களைக் கேட்பது என்றால் மக்கள் மொழியில் கேட்க வேண்டும். 2020-இல் இந்தச் சட்டத்தையே மாற்ற ஒரு வரைவு கொண்டுவந்தார்களே, எந்த மொழியில் வெளியிட்டார்கள்? இந்தியில், ஆங்கிலத்தில்! எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடு என்று டில்லி உயர்நீதிமன்றம் அந்த ஜூன் மாதத்தில் ஆணையிட்டது. வெளியிட்டார்களா? உச்சநீதிமன்றத்துக்கு ஓடினார்கள்! கீழக்கரை மீனவன் படித்துவிடக்கூடாதே என்பதில் இவ்வளவு அக்கறை.

நமது கோரிக்கைகள் மூன்று. எண்ணெய் தேடுதலை 'பி-2' பிரிவில் தள்ளிய 2020 உத்தரவு ஒழிய வேண்டும். எந்த அறிக்கையும் தமிழில் வெளிவந்து, கரையிலும் வயலிலும் உள்ள மக்களைக் கூட்டிக் கேட்ட பின்னரே அனுமதி பேச வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் எந்தப் பெருந்திட்டமானாலும், இரு கரையின் மீனவர்களையும் வைத்து இரு நாடும் கூட்டாக மதிப்பிட வேண்டும். துருவத்தில் பல நாடுகள் சேர்ந்து செய்வதை, கூப்பிடு தொலைவில் இருக்கும் இரண்டு நாடுகள் செய்ய முடியாதா?

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொடுங்கள். திருவாடானையில் உழவர் கொடுக்கட்டும், தங்கச்சிமடத்தில் மீனவர் கொடுக்கட்டும், பாசி எடுக்கும் சகோதரி சின்னப்பாலத்தில் கைநாட்டு வைத்துக் கொடுக்கட்டும். 90 நாள் தவணை பெங்குவினுக்கு உண்டென்றால், பாம்பன்காரனுக்கு ஒரு நாளாவது கொடு என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்போம், பெறும் வரை கேட்போம்.